பிரேக் விளக்கு ப்ரோக்ராமுக்காகக் காத்திருக்கக் கூடாது

கேள்வி இது: "பைக்கின் பின்பக்கத்துக்கு நானே ஒரு எல்இடி விளக்கு செய்திருக்கிறேன். நடுவில் 30 சிவப்பு எல்இடி, இரண்டு ஓரத்திலும் பத்துப் பத்து ஆம்பர் எல்இடி. எல்லாவற்றையும் ஒரு ஆர்டுவினோ நானோ (ப்ரோக்ராம் ஏற்றி ஓட்டும் சிறு கணினிப் பலகை) இயக்குகிறது. சாவி போட்டதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் அனிமேஷன், பிறகு மங்கலான டெயில் லைட், பிரேக் பிடித்தால் மூன்று முறை மின்னிவிட்டு முழு வெளிச்சம், இண்டிகேட்டர் போட்டால் ஓடும் ஒளி. பிரேக் வயரை 33 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து நானோவுக்குக் கொடுத்திருக்கிறேன். நானோவுக்கு 12 வோல்ட் நேரடியாக வின் (சப்ளை உள்ளே வரும்) பின்னில். மேசையில் அருமையாக ஓடியது. வண்டியில் மாட்டியபின் மூன்று தொல்லை. ஸ்டார்ட்டர் அழுத்தினால் விளக்கு அணைந்து சில விநாடி கழித்துத்தான் வருகிறது. சில நேரம் பிரேக் பிடித்தால் தாமதமாக எரிகிறது. பிரேக்கைப் பிடித்தபடி ஹார்ன் அடித்தால் விளக்கு துடிக்கிறது. ப்ரோக்ராமில் எதை மாற்ற வேண்டும்?"

ப்ரோக்ராமில் மாற்ற வேண்டியவை இருக்கின்றன, வருகிறேன். முதலில் வயரிங்கை மாற்றுங்கள். இப்போது உங்கள் பிரேக் சுவிட்ச் விளக்கைப் போடவில்லை. நானோவுக்குத் தகவல் சொல்கிறது, நானோ பார்த்து விளக்கைப் போடுகிறது. நானோ தூங்கினால், தொங்கினால், ரீசெட் ஆனால், பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடித்தது தெரியாது. உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் வேறு வேறு என்றாலும், மூன்றும் ஆபத்தாவது இந்த ஒரே ஏற்பாட்டால்தான்.

நானும் முதல் விளக்கை இப்படித்தான் செய்தேன். ஒரு இரவு பின்னால் வந்த நண்பன் அடுத்த சிக்னலில் பக்கத்தில் நிறுத்தி, "நீ பிரேக் பிடிக்கிறியா இல்லையான்னே தெரியல, லைட் ஒரே மாதிரி எரியுது" என்றான். டெயில் லைட் எரிந்துகொண்டிருந்ததால் நான் கண்ணாடியில் பார்த்தபோதும் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால், நானோவுக்கு பிரேக் சிக்னல் கொண்டுபோகும் ஜம்பர் வயர் அதிர்வில் பாதி கழன்று நின்றது. ப்ரோக்ராம் பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தகவல்தான் போகவில்லை.

ஆகவே, பிரேக் வயரில் 12 வோல்ட் வந்தால் சிவப்பு எல்இடி முழுதாக எரிய வேண்டும், நானோ உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதற்கு இரண்டு டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) போதும்.

சிவப்பு எல்இடிகளின் கீழ்ப்பக்கத்தை ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) கிரவுண்டுக்கு, அதாவது பேட்டரி நெகடிவுக்கு, இழுக்கட்டும். அதைத் திறந்து மூடும் முனையான கேட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, நானோவின் பின்னிலிருந்து ஒரு 1என்4148 டயோடு வழியாக. மற்றொன்று, பிரேக் வயரிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன்பின் இன்னொரு 1என்4148 வழியாக. இரண்டு டயோடுகளின் கோடு போட்ட முனைகளும் ஒன்றாகச் சேர்ந்து, 100 ஓம் வழியாகக் கேட்டுக்குப் போகட்டும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், அதற்கு இணையாக ஒரு 12 வோல்ட் ஸீனர் (வோல்டேஜ் அந்த அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் டயோடு). நானோ டெயிலை மங்கலாக்கக் கேட்டை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். பிரேக் பிடித்த கணத்தில் இன்னொரு வழியாக வரும் வோல்டேஜ் கேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் நானோ என்ன செய்தாலும் விளக்கை அணைக்க முடியாது. பிரேக் வயரின் 12 வோல்ட் நானோ பின்னுக்குள் போகாமல் அதன் பக்கத்து டயோடு தடுத்துவிடும்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது ஒரு எழுத்தைக் கவனியுங்கள். ஐஆர்எல்இசட்44என் என்பது லாஜிக் லெவல். 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்கும். ஐஆர்எஃப்இசட்44என் திறக்க 10 வோல்ட் தேவை. 5 வோல்ட் கொடுத்தால் பாதி திறந்து சூடாகும். இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். ஐஆர்எல்இசட்44என் கேட் தாங்குவது 16 வோல்ட் வரைதான், அதற்காகத்தான் அந்த ஸீனர்.

இன்னும் ஒரு படி போகலாம். பல வண்டிகளில் டெயிலுக்கு ஒரு ஃப்யூஸ், பிரேக்குக்கு வேறு ஃப்யூஸ். எல்இடிகளின் மேல்பக்கத்துக்கு டெயில் வயரிலிருந்து மட்டும் சப்ளை எடுத்தால், டெயில் ஃப்யூஸ் போகும்போது பிரேக்கும் போய்விடும். இரண்டு வயர்களிலிருந்தும் தலா ஒரு 1என்4007 வழியாக எடுத்துச் சேருங்கள். எந்த வயரில் கரண்ட் வந்தாலும் எல்இடிக்குச் சப்ளை கிடைக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பிப் பாயவும் செய்யாது. டயோடுக்குப் போகும் 0.7 வோல்ட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்இடிகளை எத்தனை எத்தனையாகத் தொடரில் கோத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் என்று வைத்து, ஐந்தைக் கோத்தால் ரெசிஸ்டர் செலவு மிச்சம் என்று பலரும் ஐந்தாகப் போடுவார்கள். கணக்குப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட். ஐந்துக்கு 10 போக 4.4 மிச்சம், 220 ஓம் போட்டால் 20 மில்லி ஆம்பியர். எஞ்சின் அணைந்து பேட்டரி 12-க்கு வந்தால் மிச்சம் 2 வோல்ட். கரண்ட் 9 மில்லி ஆம்பியர், பாதிக்கும் கீழே. மூன்றாகக் கோத்து 470 ஓம் போட்டால் 14.4-இல் சுமார் 18, 12-இல் சுமார் 13. வெளிச்சம் அவ்வளவு ஆடாது. பத்து வரிசை, மொத்தம் 180 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் அரை வாட்டாக இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் 0.15 வாட் சூடாகிறது, மூடிய பெட்டிக்குள் கால் வாட் ரெசிஸ்டர் கருகாவிட்டாலும் பக்கத்து எல்இடியை வாட்டும். கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் இதைவிட நல்லது, ஆனால் உங்கள் அளவுக்கு ரெசிஸ்டரே போதும்.

இனி ஸ்டார்ட்டர் தொல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 8-க்கும் 6-க்கும்கூட இறங்கும். நானோவின் வின் பின்னுக்குக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் சிப் ரீசெட் ஆகலாம், அது இயல்பு. பெரிய கெபாசிட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 470 மைக்ரோ ஃபாரட், நானோ எடுப்பது 30 மில்லி ஆம்பியர் என்றால் 13.5 வோல்ட்டிலிருந்து 7-க்கு இறங்க பத்தில் ஒரு விநாடிதான் ஆகும். ஒரு விநாடி கிராங்க் ஆகும் எஞ்சினுக்கு இது எந்த மூலைக்கு? ரீசெட் ஆகட்டும், விடுங்கள். வோல்டேஜ் திரும்பிய கணத்தில் பிரேக் விளக்கு டயோடு வழியாகத் தானே எரிந்துவிடும்.

ஆனால் ரீசெட் ஆவதைவிட மோசமானது ஒன்று உண்டு: ரீசெட் ஆகாமல் கிறுக்குப் பிடிப்பது. நானோவின் மூளையான ஏடிமெகா328பி சிப்பில் வோல்டேஜ் குறைந்தால் தானே நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் வசதி இருக்கிறது. ஆர்டுவினோ பலகைகளில் அது 2.7 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டு வரும். ஆனால் 16 மெகா ஹெர்ட்ஸில் ஓட அந்தச் சிப்புக்குச் சுமார் 3.8 வோல்ட் தேவை என்று டேட்டாஷீட்டின் வரைபடம் சொல்கிறது. 3.8-க்கும் 2.7-க்கும் நடுவில் சிப் ஓடும், ஆனால் என்ன ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிப்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் இந்த இடைவெளி வழியாகத் தினமும் பலமுறை இறங்கி ஏறும். இதைத் தீர்மானிக்கும் ஃப்யூஸ் பிட்டை (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு, வண்டி ஃப்யூஸ் அல்ல) 4.3 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். மாற்ற ஐஎஸ்பி ப்ரோக்ராமர் (சிப்பில் நேராக எழுதும் கருவி) வேண்டும். அது கையில் இருக்கும்போதே பூட்லோடரையும் (யூஎஸ்பி வழியாக ப்ரோக்ராம் ஏற்ற உதவும் தொடக்க ப்ரோக்ராம்) அழித்துவிட்டு ப்ரோக்ராமை நேராக ஏற்றிவிடுங்கள். பழைய பூட்லோடர்கள் சப்ளை வந்ததும் "யாராவது புது ப்ரோக்ராம் அனுப்புகிறார்களா" என்று ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்கும். உங்கள் சில விநாடித் தாமதத்தில் ஒரு பங்கு அது, மீதி உங்கள் அனிமேஷன். பூட்லோடர் இல்லாவிட்டால் சப்ளை வந்து நூறு மில்லி விநாடிக்குள் உங்கள் முதல் வரி ஓட ஆரம்பிக்கும்.

சப்ளையையும் சரி செய்யுங்கள். மலிவு நானோக்களில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டர் தாங்குவது 15 வோல்ட் வரைதான், 14.4-இல் அது விளிம்பில் நிற்கிறது. வண்டியின் லைன் 14.4-உடன் நிற்பதும் இல்லை. ஹார்ன், ரிலே போன்ற காயில்கள் அணையும்போது சிறு நேரத்துக்குப் பெரிய வோல்டேஜ் முட்கள் வரும், எதிர்த் திசையிலும் வரும். சார்ஜ் ஆகும்போது பேட்டரி முனை கழன்றால் லைனில் வோல்டேஜ் திடீரென எகிறும், அதன் பெயர் லோட் டம்ப். கட்டுப்படுத்தப்படாத லோட் டம்ப் 80 வோல்ட்டைத் தாண்டும், நூற்றுக்கணக்கான மில்லி விநாடி நீடிக்கும். ஆகவே இக்னிஷன் லைனிலிருந்து 1 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு டயோடு, அதன்பின் கிரவுண்டுக்கு 24 வோல்ட் வகை டிவிஎஸ் (இந்த முட்களை விழுங்கும் டயோடு), பிறகு 50 வோல்ட் கெபாசிட்டர், 40 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்), அதிலிருந்து 5 வோல்ட் நானோவின் 5 வோல்ட் பின்னுக்கு. வின் பின்னைத் தொடாதீர்கள். பேட்டரியிலிருந்து நேரடியாகவும் எடுக்காதீர்கள். சும்மா இருக்கும் நானோ 20 மில்லி ஆம்பியர் எடுத்தாலே ஒரு நாளுக்கு அரை ஆம்பியர்-மணி. 5 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் படுத்துவிடும்.

ஹார்ன் தொல்லைக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த பிழை, ஏனென்றால் கணக்கு அப்படியே கண்முன் நிற்கிறது. 33-உம் 10-உம் வைத்துப் பிரித்தால் 14.4 வோல்ட் 3.35 ஆகிறது. 12 வோல்ட் 2.8 ஆகிறது. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா ஒரு பின்னை "உயர்" என்று நிச்சயமாக ஏற்க 3 வோல்ட் வேண்டும், "தாழ்வு" என்று நிச்சயமாக ஏற்க 1.5-க்குக் கீழே போக வேண்டும். 2.8 இரண்டும் கெட்டான். எஞ்சின் நன்றாக ஓடும்போது மயிரிழையில் தப்பிக்கிறீர்கள். ஹார்ன் இழுக்கும் கரண்டில் லைன் 13-க்குக் கீழே இறங்கும், ஹார்னின் உள்ளே இருக்கும் தொடர்பு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடி இரைச்சலைச் சேர்க்கும், சிப் தன் மனதை மாற்றிக்கொண்டே இருக்கும்.

33-ஐ எடுத்துவிட்டு 22 கிலோ ஓம் போடுங்கள். 14.4 வோல்ட் 4.5 ஆகும், 12 வோல்ட் 3.75. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 5.1 வோல்ட் ஸீனரும் 100 நானோ ஃபாரட் கெபாசிட்டரும் வையுங்கள். இந்தக் கெபாசிட்டரால் வரும் தாமதம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. கிரவுண்ட் வயர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பெயின்ட் அடித்த ஃப்ரேமில் ஒரு போல்ட்டுக்கு அடியில் என்றால் அந்த இடத்தைச் சுரண்டுங்கள், அல்லது பேட்டரி நெகடிவ் வரை தனி வயர் இழுங்கள்.

ஒருவழியாக ப்ரோக்ராம். பிரேக் வெளிச்சம் இப்போது சர்க்யூட்டின் பொறுப்பு. நானோவுக்கு மிஞ்சியிருப்பது டெயிலை மங்கலாக வைப்பது, அனிமேஷன், இண்டிகேட்டர். பிரேக் பின்னை அது படிப்பது மற்றவற்றை நிறுத்துவதற்குத்தான்.

தாமதமாக எரிந்ததற்குக் காரணம் அனேகமாக டிலே என்ற கட்டளை. அனிமேஷனில் ஒவ்வொரு படிக்கும் "டிலே 60" என்று எழுதியிருப்பீர்கள். 20 படி என்றால் 1.2 விநாடி. அந்த நேரம் முழுக்க நானோ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பிரேக் பின்னைப் பார்க்க அதற்கு நேரமில்லை. டிலேயை அடியோடு எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் மில்லிஸ், அதாவது நானோ கிளம்பியதிலிருந்து ஓடிய மில்லி விநாடிகளைச் சொல்லும் கட்டளை. முறை எளிது: படி எண் ஒன்று, அந்தப் படி தொடங்கிய நேரம் ஒன்று, இரண்டு மாறிகள். ஒவ்வொரு சுற்றிலும் "இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் 60-ஐத் தொட்டதா?" என்று கேட்க வேண்டும். தொட்டிருந்தால் படி எண்ணை ஒன்று கூட்டி, தொடங்கிய நேரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் கடந்து போக வேண்டும். தமிழில் எழுதினால் முழு லூப்பும் (நானோ திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி) இவ்வளவுதான், வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை:

வாட்ச்டாகை (நேரத்தில் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) தட்டு.
பிரேக், இடது, வலது பின்களைப் படி.
பிரேக் இருந்தால்: அனிமேஷனை முடிந்ததாகக் குறி, சிவப்பை 255 ஆக்கு.
பிரேக் இல்லை, அனிமேஷன் முடியவில்லை என்றால்: நேரம் வந்திருந்தால் அடுத்த படிக்குப் போ.
இரண்டும் இல்லையென்றால்: சிவப்பை 25 ஆக்கு.
இடது, வலது இண்டிகேட்டர் படிகளைப் பார்.

இது ஒரு மில்லி விநாடிக்குள் சுற்றி முடியும். நேரத்தை வைக்கும் மாறி அன்சைன்டு லாங் (மைனஸ் இல்லாத 32 பிட் எண்) ஆக இருக்க வேண்டும், இது முக்கியம். இன்ட் என்று போட்டால் இந்தச் சிப்பில் அது 16 பிட். 32,767 மில்லி விநாடியில் நிரம்பி மைனஸுக்குப் போய்விடும். மேசையில் சோதித்தபோது சரியாக இருந்தது, வண்டி கிளம்பி அரை நிமிடத்தில் கோளாறு என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இதைத்தான். அன்சைன்டு லாங் சுமார் 49.7 நாளில் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும். "இப்போது கழித்தல் தொடக்கம்" என்று கழித்தே ஒப்பிட்டால் அதுவும் தொல்லை தராது.

சோதனைக்குப் போட்ட சீரியல் பிரின்ட் வரிகளையும் (கணினிக்குச் செய்தி அனுப்புபவை) எடுத்துவிடுங்கள். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லி விநாடி ஆகும். 64 எழுத்து பஃபர் நிரம்பிவிட்டால் அடுத்த பிரின்ட் வரி இடம் கிடைக்கும்வரை அங்கேயே நிற்கும். டிலேயை முன்வாசல் வழியாக அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்த கதை.

சுவிட்ச் துள்ளலுக்கு (அழுத்தும்போது தொடர்பு சில முறை ஒட்டி விலகுவது) ஒரு வார்த்தை. பொத்தானுக்கு டீபவுன்ஸ் எழுதும் வழக்கமான முறை, நிலை 30 மில்லி விநாடி மாறாமல் இருந்தால்தான் ஏற்பது. பிரேக்குக்கு அதை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். உயர்ந்தால் உடனே ஏற்க வேண்டும். தாழ்ந்தால் மட்டும் 30 மில்லி விநாடி பொறுத்து நம்ப வேண்டும். தப்பாக எரிந்தால் நஷ்டமில்லை, தப்பாக அணைந்தால் நஷ்டம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி விநாடிக்கு 28 மீட்டர் போகிறது. இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர எடுக்கும் 0.2 விநாடியில் பின்னால் வருபவர் ஐந்தரை மீட்டர் வந்துவிடுவார். எல்இடி போடுவதன் உண்மையான லாபம் அந்த ஐந்தரை மீட்டர்தான், அதை மோசமான ப்ரோக்ராமால் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

வாட்ச்டாகை 250 மில்லி விநாடிக்கு வையுங்கள். லூப் எங்காவது சிக்கினால் சிப் தானே ரீசெட் ஆகும். பழைய பூட்லோடர் இருந்தால் வாட்ச்டாக் ரீசெட்டுக்குப்பின் சிப் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகிச் சுழலில் மாட்டிக்கொள்ளும்; பூட்லோடரை அழிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

டெயிலுக்கு 25 என்று எழுதினேனே, அது எங்கிருந்து வந்தது? 255-இல் 25 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி. கண்ணுக்கு அது பத்தில் ஒன்றாகத் தெரியாது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். கண் ஒளியை நேர்க்கோட்டில் அளப்பதில்லை. பலர் "பாதி வெளிச்சம்" என்று 128 வைப்பார்கள். கண்ணுக்கு அது முக்கால் வெளிச்சம். பிறகு பிரேக் பிடித்தால் வித்தியாசமே தெரியாது. ஒரே எல்இடிகள் டெயிலாகவும் பிரேக்காகவும் இருக்கும்போது பிரேக் ஒளி டெயிலைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது வாகன விளக்குகளுக்கான ஐ.நா. விதி 7-இன் கணக்கு. 51-ஐத் தாண்டாதீர்கள், 25 எனக்குப் பிடித்த அளவு. சிவப்பை பின் 9 அல்லது 10-இல் வையுங்கள். அங்கே விளக்கு போட்டு அணையும் வழக்கமான வேகம் 490 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 490 முறை. கண்ணைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு அது புள்ளி புள்ளியாகத் தெரியும். டைமர் 1-இன் பிரிப்பானை மாற்றினால் வேகத்தைக் கூட்டலாம். பின் 5, 6-இன் டைமரில் கை வைத்தால் மில்லிஸ் கெட்டுவிடும்.

மூன்று முறை மின்னுவது போய்விட்டதே என்று கேட்பீர்கள். ஆமாம், வேண்டுமென்றேதான். பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும் என்று அமெரிக்காவின் வாகன விளக்குத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 108 சொல்கிறது. ஐ.நா. விதி 48 கார்களில் அவசர பிரேக்குக்கு மட்டும் மின்ன விடுகிறது: வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், வேகக் குறைவு விநாடிக்கு விநாடி 6 மீட்டருக்கு மேல் என்ற அளவில், 4 ஹெர்ட்ஸை ஒட்டி. லேசாகப் பிரேக்கைத் தொட்டதற்கெல்லாம் மின்னும் விளக்கு, பின்னால் வருபவரை மின்னுவதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக்கிவிடும் என்பது என் கருத்து. கண்ணைக் கவர வேண்டும் என்றால் விளக்கின் வடிவத்தில் கவருங்கள். வீட்டில் செய்த விளக்குக்கு வகை ஒப்புதல் (விதிப்படி சோதிக்கப்பட்டது என்ற சான்று) இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அசல் விளக்கைப் பரணில் போடாமல், மாட்டத் தயாராக வைத்திருங்கள்.

இண்டிகேட்டரில் விளையாட இடம் இருக்கிறது. 1965-இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் ஓடும் இண்டிகேட்டர் வந்தபோது ஒரு சிறு மோட்டார் சுழன்றுதான் பல்புகளை வரிசையாகப் போட்டது. உங்களுக்கு அது ஐந்து வரி. பத்து ஆம்பர் எல்இடியை இரண்டிரண்டாக ஐந்து தொகுதியாக்குங்கள், தொகுதிக்கு ஒரு சிறு மாஸ்ஃபெட். ஃப்ளாஷர் ரிலேயிலிருந்து 12 வோல்ட் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 0, 40, 80, 120, 160 மில்லி விநாடிகளில் ஒவ்வொரு தொகுதியாகப் போடுங்கள். போட்டது அணையக் கூடாது, ரிலே நிறுத்தும்வரை எரிய வேண்டும். 200 மில்லி விநாடிக்குள் எல்லாம் எரிந்துவிட வேண்டும் என்பது ஐ.நா. விதி 6, 160-இல் முடித்துவிட்டீர்கள். எல்இடி குறைவாகக் கரண்ட் எடுப்பதால் பழைய ரிலே வேகமாகத் துடிக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாற்றினால் நிமிடத்துக்கு 60-இலிருந்து 120-க்குள் நின்றுவிடும்.

அடுத்து டபிள்யூஎஸ்2812 பட்டை (ஒரே டேட்டா வயரில் ஒவ்வொரு எல்இடிக்கும் நிறம் சொல்லும் வகை) போடலாமா என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். அலங்காரத்துக்குப் போடுங்கள், பிரேக்குக்கு வேண்டாம். டேட்டா வயர் துண்டித்தால் அது கடைசியாகக் கேட்ட நிறத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். இரைச்சல் ஒரு பிட்டைப் புரட்டினால் வண்டியின் பின்னால் பச்சையோ நீலமோ எரியும். சிவப்பு ஒளியும் குறைவு: ஒன்றுக்கு 400 மில்லி கேண்டெலா என்று வைத்தால், ஒரு பிரேக் விளக்குக்கு நடு அச்சில் தேவையான 60 கேண்டெலாவுக்கு 150 எல்இடி வேண்டும்.

எல்லாம் முடித்தபின் வண்டியில் ஏற்றும் முன்னால் இதைச் செய்யுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நானோவின் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி இருங்கள். சிவப்பு சற்றும் அசையக் கூடாது. நானோவை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டுப் பிரேக்கைப் பிடியுங்கள், எரிய வேண்டும். டெயில் ஃப்யூஸைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள், எரிய வேண்டும். பிறகு நானோவைத் திரும்ப மாட்டி, பிரேக் வயரிலேயே ஒரு பழைய இழை பல்பை இணைத்து, இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஒரு ஃபிரேம் 4 மில்லி விநாடி. பல்ப் சிவக்க ஆரம்பிக்கும் முன்னமே உங்கள் எல்இடி முழுதாக எரிந்திருக்க வேண்டும். இவை எல்லாம் தேறினால் ஜம்பர் வயர்களைக் கழற்றி வீசிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் செய்து, பலகையின் மேல் ஈரம் புகாத லாக்கர் பூசி மூடுங்கள். ஐஎஸ்பி முனைகள் ஆறை மட்டும் பூசாமல் விட்டு, ஒரு ரப்பர் மூடி போட்டுவையுங்கள். அனிமேஷனை மாற்ற வேண்டும் என்று இரண்டு வாரத்தில் உங்களுக்கே தோன்றும்.